சுருள்வில் இருந்த இடத்தில் காற்று

என் உடல் எடை 58 கிலோ. மலைச் சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் ஃபோர்க்கைப் பற்றிய கட்டுரையை இந்த எண்ணிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக நான் ஓட்டிவந்த சைக்கிளின் ஃபோர்க்கில், என்னைவிட ஏறக்குறைய இருபது கிலோ கூடுதலான ஒருவரை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுத்த எஃகுச் சுருள்வில் இருந்தது. டொரன்டோவின் டொன் பள்ளத்தாக்கில் உள்ள குரோதர்ஸ் வுட்ஸ் காட்டுப் பாதைகளில்தான் நான் பெரும்பாலும் ஓட்டுகிறேன். மேப்பிள், பீச், ஓக் மரங்களின் வேர்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் களிமண் பாதைகள் அவை. ஃபோர்க்கின் மேற்குழாயைச் சுற்றி ஒரு மெல்லிய கேபிள் டையைக் கட்டி, ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் அது எவ்வளவு தூரம் தள்ளப்பட்டிருக்கிறது என்று அளந்து பார்ப்பது என் வழக்கம். 120 மில்லிமீட்டர் அசைய வேண்டிய ஃபோர்க், மிகக் கடினமான இறக்கத்திலும் 80 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. சைக்கிளின் மேல் அசையாமல் அமர்ந்தால் 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை அமிழ வேண்டியது, 12 மில்லிமீட்டரோடு நின்றுவிடும். ஒரு மணி நேரச் சவாரிக்குப் பின் உள்ளங்கைகள் மரத்துப்போகும்.

சுருள்வில் ஃபோர்க்கின் தலையில் பெரும்பாலும் ஒரு திருகுக் குமிழ் இருக்கும். அதைத் தளர்த்தினால் வில் மென்மையாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நானும் முதல் ஓராண்டு அப்படித்தான் நம்பினேன். அந்தக் குமிழ் வில்லின் கடினத்தன்மையைத் தொடுவதே இல்லை. வில் அசையத் தொடங்கும் முன் அதை எவ்வளவு அழுத்தி வைத்திருக்கிறோம் என்பதை மட்டுமே அது மாற்றுகிறது. கடினத்தன்மையை முடிவு செய்பவை கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றுதான். அவற்றுள் தடிமனின் பங்கு மிகப் பெரியது, ஏனெனில் கடினத்தன்மை தடிமனின் நான்காம் அடுக்கோடு சேர்ந்து ஏறுகிறது. கம்பி பத்து விழுக்காடு தடித்தால் வில் ஏறத்தாழ 46 விழுக்காடு கடினமாகிவிடும். எனவே எடைக்கேற்ற வில் வேண்டுமென்றால் வேறு வில்லைத்தான் வாங்க வேண்டும். என் ஃபோர்க்குக்கான மென்மையான வில்லை எட்டு மாதங்கள் தேடினேன். அந்த மாதிரியின் உற்பத்தி நின்றுவிட்டதால் எங்கும் கையிருப்பில் இல்லை. ஆனால் அதே உடலமைப்பில் காற்றுவில் வைத்த வகையும் ஒரு காலத்தில் விற்கப்பட்டது. அதன் உட்பகுதி, தண்டும் பிஸ்டனும் மேல்மூடியும் சேர்ந்த ஒரே தொகுதியாக, உதிரிபாகக் கடையில் இன்னும் கிடைத்தது. இவ்வாறுதான் காற்றை நோக்கிப் போனேன்.

காற்று இங்கே புதிதாக வந்த விருந்தாளி அல்ல. பால் டர்னரின் வடிவமைப்பில் உருவான ராக்‌ஷாக்ஸ் ஆர்எஸ்-1, மலைச் சைக்கிள் ஃபோர்க்குகளின் காலத்தைத் தொடங்கிவைத்தபோதே காற்றையும் எண்ணெயையும் கொண்டுதான் இயங்கியது. 1990இல் கொலராடோ மாநிலத்தின் டுராங்கோவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பின் இறக்கப் போட்டியை கிரெக் ஹெர்போல்ட் வென்றதும் ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்கோடுதான். பின்னர் டக் பிராட்பரியின் மானிட்டூ ஃபோர்க்குகளோடு ரப்பர் போன்ற எலாஸ்டோமர் கட்டைகளின் காலம் வந்தது. 1997இல் வந்த மார்சோக்கியின் பாம்பர் இசட்1, எண்ணெயில் மூழ்கிய எஃகுச் சுருள்வில்லின் மென்மையை ஓட்டுநர்களுக்குக் காட்டியது. காற்று மீண்டும் முன்னுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். எடை குறைவு என்பது ஒரு காரணம். ஒரே ஃபோர்க்கை ஐம்பது கிலோ உள்ளவருக்கும் நூறு கிலோ உள்ளவருக்கும் ஒரு சிறு பம்பைக் கொண்டு பொருத்திவிட முடிகிறது என்பதே எனக்கு அதைவிட முக்கியமான காரணம்.

காற்றை வில்லாகப் பயன்படுத்துவதில் ஒரு தொல்லை உண்டு. அதைப் புரிந்துகொள்ளாமல் பாகம் வாங்கியிருந்தால் நான் பின்னர் மிகவும் குழம்பியிருப்பேன். பிஸ்டன் நகரும் ஃபோர்க் குழாயின் உள்விட்டம் 28 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்; பிஸ்டனின் முகப்பரப்பு ஏறத்தாழ 6.16 சதுர சென்டிமீட்டர் ஆகும். பிஸ்டனுக்கு மேலே உள்ள மேலறையில் 65 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்தின் மேல் எத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) காற்றை அடைத்தால் அது பிஸ்டனைக் கீழே தள்ளும் விசை சுமார் 276 நியூட்டன், அதாவது 28 கிலோ எடைக்கு ஈடானது. நானும் சைக்கிளும் சேர்ந்து 72 கிலோ. அமர்ந்து ஓட்டும்போது முன்சக்கரத்தின் மேல் விழும் பங்கு அந்த 28 கிலோவை எட்டாது. ஆகவே மேலறை மட்டுமே இருந்தால் ஃபோர்க் அசையவே அசையாது. சின்ன வேர்கள் எல்லாம் நேரே கைக்கு வந்து சேரும். இதற்காகத்தான் பிஸ்டனுக்குக் கீழே ஒரு கீழறை வைத்து, அதிலும் அதே அழுத்தத்தில் காற்றை அடைக்கிறார்கள். மேலிருந்து தள்ளும் விசையைக் கீழிருந்து தள்ளும் விசை ஏறக்குறைய ஈடுகட்டிவிடுவதால் ஃபோர்க் சிறு சுமைக்கும் இணங்கிக் கொடுக்கிறது. இப்போதைய பல ஃபோர்க்குகளில் குழாயின் உட்சுவரில் நகக்கண் அளவில் ஒரு சிறு பள்ளம் இருக்கும். பிஸ்டனைச் சுற்றிக் காற்றைத் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் அந்தப் பள்ளத்தைக் கடக்கும் கணத்தில் இரண்டு அறைகளும் இணைந்து அழுத்தம் சமமாகிவிடும். எண்ணிப் பார்த்தால் மிக அழகான ஏற்பாடு: தனி வால்வு இல்லை, தனிப் பாகம் இல்லை, சுவரில் ஒரு பள்ளம் மட்டுமே.

அந்தச் சுவர்தான் இந்தக் கட்டுரையின் மையம். என்னோடு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்ட வரும் ஒரு மூத்த நண்பர், யாழ்ப்பாணத்தில் பழைய ஆஸ்டின், மொரிஸ் கார்களின் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டிய கைகளைக் கொண்டவர். எந்தத் தொகுதியை வாங்குவது என்று அவரிடம் கேட்டபோது அவர் விலையையும் பார்க்கவில்லை, படத்தையும் பார்க்கவில்லை. “தம்பி, காசைக் குடுக்க முன்னம் குழாய்க்குள்ள விரலை விட்டுப் பாரும்” என்றார். “சிலிண்டர் கீறுப்பட்டுக் கிடந்தா என்ன பிஸ்டன் போட்டும் பிரயோசனம் இல்லை.”

அவர் சொன்னதில் விஷயம் முழுவதும் அடங்கிவிட்டது. சுருள்வில் அழுந்தும்போது நேராக அழுந்துவதில்லை. சற்று நெளிந்து, குழாயின் சுவரை உரசுகிறது. சுருள்வில்லுக்கு அது பெரிய குறை அல்ல. சுவரில் கீறல் விழுந்தாலும் வில் வேலை செய்துகொண்டே இருக்கும். ஆனால் காற்று தங்குவதற்கு அதே சுவரும் ஒரு ரப்பர் சீலும் மட்டுமே காவல். கண்ணுக்குத் தெரியாமல் நகத்துக்கு மட்டும் தட்டுப்படும் கீறல் ஒன்று நெடுக்காக ஓடினாலும் காற்று அதன் வழியே வெளியேறிவிடும். இப்போதைய மார்சோக்கி இசட்1 ஃபோர்க்கைக் காற்றிலிருந்து சுருள்வில்லுக்கு மாற்றும் தொகுதியோடு வரும் எச்சரிக்கையும் இதுவேதான்: சுருள்வில் உட்சுவரைக் கீறக்கூடும் என்பதால் அதன்பின் காற்றுக்குத் திரும்ப முடியாது என்கிறார்கள். சுருள்வில்லோடு பிறந்த ஃபோர்க்கைக் காற்றுக்கு மாற்ற நினைப்பவர், அந்த எச்சரிக்கையின் மறுபக்கத்திலிருந்து தொடங்குகிறார். இதைத் தவிர, சுருள்வில் வகைக்கெனச் செய்த குழாயில் அந்தச் சமன்செய்யும் பள்ளம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரு வகைக்கும் ஒரே குழாயைப் பயன்படுத்தும் மாதிரிகளும் உண்டு, வேறு வேறு குழாயைப் பயன்படுத்துபவையும் உண்டு. பாகங்களின் எண்ணை உற்பத்தியாளரின் உதிரிபாகப் பட்டியலில் ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை. எனக்கு இரண்டு மாலைகள் அதிலேயே கழிந்தன; குழாயின் எண் இரு வகைக்கும் ஒன்றாகவே இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலையில் ஃபோர்க்கைப் பிரித்தேன். கீழே உள்ள இரண்டு போல்ட்டுகளையும் ஆலன் கீயால் மூன்று சுற்றுத் தளர்த்தி, அவற்றின் தலையில் ரப்பர் சுத்தியலால் தட்டினால் உள்ளே இருக்கும் தண்டுகள், சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்ப்பகுதியான கீழ்க்கால்களிலிருந்து விடுபடும். பிறகு போல்ட்டுகளை முழுவதும் கழற்றி, எண்ணெயை ஒரு தட்டில் வடியவிட்டு, கீழ்க்கால்களை உருவி எடுத்தேன். மேல்மூடியைத் திறந்ததும் சுருள்வில் மேலே வந்தது. அதன் உடல் முழுவதும் சுருக்குப் பிளாஸ்டிக் உறை போர்த்தியிருந்தது. சலசலப்பு ஒலியைத் தடுப்பதற்காக இடப்பட்ட உறை அது. மூன்று ஆண்டுகளில் இரண்டு இடங்களில் தேய்ந்து மெலிந்திருந்ததே தவிர, எங்கும் கிழிந்து எஃகு வெளியே தெரியவில்லை. அதைப் பார்த்தபோதே எனக்குப் பாதி நிம்மதி வந்துவிட்டது. குழாயின் அடிவாயில் தண்டைப் பிடித்து வைத்திருக்கும் சர்க்கிளிப் என்ற உலோக வளையத்தைக் கழற்றும்போது, அதன் முனை சுவரைக் கீறிவிடாமல் விரலால் தாங்கிக்கொண்டு மெதுவாக வெளியே எடுத்தேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியைக் குச்சியில் சுற்றி உட்சுவரைத் துடைத்தேன். டார்ச் ஒளியைக் குழாயின் ஒரு முனையில் காட்டி மறுமுனையில் கண்ணை வைத்துச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தேன். துணியின்மேல் விரலை வைத்து நெடுக வருடியும் பார்த்தேன். இரண்டு இடங்களில் மங்கலான தேய்வு தெரிந்தது. நகத்துக்கு எதுவும் தட்டுப்படவில்லை. அதன்பிறகுதான் தொகுதிக்குப் பணம் அனுப்பினேன். அது வந்து சேரும்வரை ஒரு வாரம் சைக்கிள் முன்சக்கரம் இல்லாமல் சுவரில் சாய்ந்து நின்றது. அந்த ஒரு வாரம் வீணானதாக எனக்குத் தோன்றவில்லை.

தொகுதி வாங்கும்போது அசைவு நீளத்திலும் கவனம் வேண்டும். தண்டின் நீளம்தான் ஃபோர்க்கின் நீளத்தையும் அசைவையும் தீர்மானிக்கிறது. 120 மில்லிமீட்டருக்குப் பதிலாக 140 மில்லிமீட்டர் தண்டைப் போட்டால் சைக்கிளின் முன்பக்கம் உயர்ந்து, தலைக்குழாயின் கோணம் ஏறத்தாழ ஒரு பாகை சாயும். அந்த நீளத்தைச் சட்டகம் தாங்குமா என்பதும் வேறு கேள்வியாகிவிடும். நான் 120க்கான தண்டையே வாங்கினேன்.

பொருத்தும் வேலை எளிது என்றுதான் நினைத்திருந்தேன். சீல்களிலும் ஓ-ரிங்குகளிலும் சஸ்பென்ஷன் கிரீஸை மெல்லியதாகப் பூசி, பிஸ்டனை அடிவாய் வழியாகத் தள்ளி, சர்க்கிளிப்பை அதன் காடியில் உட்கார வைத்து, கீழ்க்கால்களை மாட்டி, குறிப்பிட்ட அளவு எண்ணெயை ஊற்றி, போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் 7.3 நியூட்டன்-மீட்டருக்கு இறுக்கினேன். 65 பி.எஸ்.ஐ. காற்றை அடைத்தேன். மறுநாள் காலையில் பம்பை மாட்டிப் பார்த்தபோது முள் 28இல் நின்றது. பம்பை மாட்டும்போதே அதன் குழாய்க்குள் கொஞ்சம் காற்று போய்விடும் என்பதால் சில பி.எஸ்.ஐ. குறைவது இயல்பு. இது அப்படிப்பட்ட குறைவு அல்ல.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கும் முறையை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த மாற்றத்தைச் செய்யும் எவருக்கும் இது தேவைப்படலாம். முதலில் வால்வின் மேலும் மேல்மூடியைச் சுற்றியும் சோப்பு நீரைத் தடவினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. அப்படியானால் காற்று உள்ளே எங்கோதான் போகிறது. ஃபோர்க் தன் முழு நீளத்தில் நின்றிருந்தது. மேலறையின் காற்று பிஸ்டனைக் கடந்து கீழறைக்குள் தங்கியிருந்தால், கீழறையின் அழுத்தம் மிகுந்து ஃபோர்க் உள்ளே இழுபட்டுக் குட்டையாகியிருக்கும். எனவே பிஸ்டனின் சீலைச் சந்தேகிக்கக் காரணம் இல்லை. எஞ்சியது கீழறையின் அடைப்பு. அங்கே கசிந்தால் காற்று கீழ்க்கால்களுக்குள் இறங்கும். வால்வை அழுத்திக் காற்றை முற்றிலும் வெளியேற்றிவிட்டு, இடப்பக்கப் போல்ட்டை மெதுவாகத் தளர்த்தினேன். உஸ்ஸென்ற ஓசையோடு காற்றும் கொஞ்சம் எண்ணெயும் வெளியே வந்தன. சந்தேகம் தீர்ந்தது. மீண்டும் பிரித்துப் பார்த்தபோது, கீழறையை அடைக்கும் தட்டின் வெளிச்சுற்றில் இருந்த ஓ-ரிங்கில் அரை நகம் அளவுக்கு ஒரு வெட்டு இருந்தது. சர்க்கிளிப் உட்காரும் காடியின் கூரிய விளிம்பைக் கடக்கும்போது, நான் நேராக அழுத்தித் தள்ளியதால் அது வெட்டுப்பட்டிருந்தது. புதிய ஓ-ரிங் வந்ததும், தட்டைச் சற்றுச் சாய்த்து, மெல்ல ஆட்டி ஆட்டி, ரப்பரின் ஒவ்வொரு பகுதியும் அந்த விளிம்பைத் தனித்தனியாகக் கடக்கும்படி உள்ளே விட்டேன். அழுத்தம் இரண்டு வாரங்கள் அசையாமல் நின்றது.

மேலே ஒரு வரியில் சொல்லிச் சென்ற ஒன்றை இங்கே தனியாகவும் சொல்ல வேண்டும். சுருள்வில் ஃபோர்க்கைப் பிரித்துப் பழகிய கைகளுக்கு மேல்மூடியைத் திறப்பது ஒரு சாதாரணச் செயல். காற்று அடைத்த பிறகு அது சாதாரணச் செயல் அல்ல. வால்வின் ஊசியை அழுத்தி, ஃபோர்க்கைப் பலமுறை அமுக்கி, காற்று முழுவதும் போய்விட்டது என்று உறுதி செய்துகொள்ளாமல் எந்த மூடியிலும் போல்ட்டிலும் கருவியை வைக்கக் கூடாது. அழுத்தத்தோடு இருக்கும் மூடி திருகின் கடைசிச் சுற்றில் விடுபட்டால் முகத்தை நோக்கித்தான் பறக்கும்.

காற்றை அடைப்பதற்கு ஷாக் பம்ப் என்ற சிறிய உயரழுத்தப் பம்ப் வேண்டும். டயருக்கு அடிக்கும் பம்ப் இதற்கு ஆகாது. பாதி அழுத்தம் வரை அடித்து, ஃபோர்க்கைப் பத்து முறை மெதுவாக அமுக்கி எழுப்பினால் காற்று கீழறைக்குள்ளும் போய்ச் சமமாகும். அப்போது முள் இறங்குவதைக் கண்டு கசிகிறதோ என்று பதற வேண்டியதில்லை. பிறகு மீதியை அடிக்க வேண்டும். 65 பி.எஸ்.ஐ.யில் எனக்கு அமிழ்வு 27 மில்லிமீட்டர் வந்தது. முதல் சவாரியில் ஃபோர்க் வேர்களின்மேல் படிந்து படிந்து சென்றதை என் உள்ளங்கைகள் உடனே உணர்ந்தன. ஆனால் ஒரு பள்ளத்தில் முழு 120 மில்லிமீட்டரும் தீர்ந்து அடியில் மோதியது. அழுத்தத்தைக் கூட்டினால் மோதல் நிற்கும், வேர்களின் மேலிருந்த மென்மையும் போய்விடும். இங்குதான் டோக்கன் எனப்படும் பிளாஸ்டிக் கட்டை உதவுகிறது. மேல்மூடியின் அடியில் அதைத் திருகினால் காற்றறையின் கொள்ளளவு குறையும். கணக்காகவே பார்க்கலாம். காற்றுத் தம்பத்தின் நீளம் 180 மில்லிமீட்டர் என்று கொண்டால் முழு அசைவில் அது 60ஆகச் சுருங்குகிறது, மூன்று மடங்கு அழுத்தம். பத்து மில்லிமீட்டரைக் கட்டை எடுத்துக்கொண்டால் 170 என்பது 50ஆகச் சுருங்கும், 3.4 மடங்கு. மேலறை பிஸ்டனைத் தள்ளும் விசை முழு அசைவில் ஏறத்தாழ 950 நியூட்டனிலிருந்து 1,090 நியூட்டனுக்கு ஏறுகிறது. வேகமாக அழுந்தும்போது காற்று சூடேறுவதால் உண்மையில் இன்னும் கூடுதலாகவே இருக்கும். அசைவின் தொடக்கத்திலோ வித்தியாசம் தெரிவதே இல்லை. ஒரு கட்டை போதுமானதாக இருந்தது. இப்போது கடினமான இறக்கங்களில் 112 மில்லிமீட்டர் வரை செல்கிறது. வலக்காலில் இருக்கும், அசைவின் வேகத்தை அடக்கும் டாம்பரில், ஃபோர்க் மீண்டெழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபௌண்டை மட்டும் இரண்டு சொடுக்கு திறந்தேன். கடினமான வில்லை அடக்குவதற்கென்று மூடி வைத்திருந்த அளவு, இந்த மென்மையான வில்லுக்கு மந்தமாக இருந்தது.

இழந்ததையும் சொல்லிவிடுகிறேன். சுருள்வில்லுக்குச் சீல் தேவையில்லை, எனவே அதில் சீலின் உராய்வும் இல்லை. காற்றுவில்லில் பிஸ்டனின் சீலும் அடித்தட்டின் சீலும் எப்போதும் கொஞ்சம் பற்றிக்கொண்டுதான் இருக்கும். அந்தப் பற்று ஓட்டுநரின் எடைக்கேற்பக் குறைவதில்லை என்பதால், என்னைப் போன்ற எடை குறைந்தவர்களுக்கு அது ஒப்பளவில் கூடுதலாகத் தெரியும். மிகச் சிறிய சரளைக் கற்களின் மேல் பழைய ஃபோர்க் ஒருவகையில் அமைதியாக இருந்தது என்பதை நான் மறுக்க மாட்டேன். இந்தக் காரணத்துக்காகவே எதிர்த்திசையில் போகிறவர்களும் பலர் உண்டு. விஸ்லரில் உள்ள வோர்ஸ்பிரங் நிறுவனத்தின் ஸ்மாஷ்பாட், புஷ் நிறுவனத்தின் ஏசிஎஸ்3 ஆகியவை காற்று ஃபோர்க்குகளைச் சுருள்வில்லுக்கு மாற்றுவதற்கென்றே செய்யப்பட்ட தொகுதிகள். தன் எடைக்குச் சரியான வில் கிடைக்கக்கூடிய ஒருவர் என்னிடம் கேட்டால், அதையே வாங்கிக்கொள்ளுங்கள், மாற்ற வேண்டாம் என்றுதான் சொல்வேன். எடை மிச்சத்தையும் நான் பெரிதாகச் சொல்ல விரும்பவில்லை. என் தராசில் சுருள்வில்லும் அதன் தண்டும் சேர்ந்து 412 கிராம், காற்றுத் தொகுதி 176 கிராம். இந்த 236 கிராம் குறைவைச் சைக்கிளைத் தூக்கும்போது உணரலாம். ஓட்டும்போது நான் உணர்ந்ததில்லை.

காற்றுக்கு மாறிய பிறகு வானிலையும் ஃபோர்க்கின் ஒரு பாகமாகிவிட்டது. வீட்டுக்குள் 24 பாகை செல்சியஸில் 65 பி.எஸ்.ஐ. அடைத்துவிட்டு, நவம்பர் மாதக் காலையில் பூஜ்ய பாகையில் காட்டுக்குள் போனால், அடைத்த காற்று அப்படியே இருக்க அழுத்தம் மட்டும் 59க்கு அருகே இறங்கிவிடும். முதல் இலையுதிர் காலத்தில் இதை மீண்டும் கசிவு என்று எண்ணி ஃபோர்க்கைப் பிரிக்கவே முனைந்துவிட்டேன். ஒரு மணி நேரம் வீட்டுக்குள் வைத்திருந்தபின் முள் பழைய இடத்துக்குத் திரும்பியதைக் கண்ட பிறகுதான் கருவிகளைக் கீழே வைத்தேன். இப்போது சைக்கிளை இரவு முழுவதும் பால்கனியில் குளிரவிட்டு, புறப்படும் முன் அங்கேயே அழுத்தத்தைச் சரிபார்க்கிறேன். நாள், வெப்பநிலை, அழுத்தம், அமிழ்வு என்ற நான்கு எண்களை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வைக்கிறேன்.

ஏறத்தாழ ஐம்பது மணி நேரச் சவாரிக்குப் பிறகு, பாதைகள் சேறாகி யாரும் ஓட்டக் கூடாத ஏப்ரல் வாரம் ஒன்றில், எண்ணெய் மாற்றுவதற்காகக் கீழ்க்கால்களைக் கழற்றினேன். தண்டு ஈரமாக, சுத்தமாக இருந்தது. எண்ணெய் மட்டும் கறுத்திருந்தது. கீழ்க்கால்களுக்குள் காற்று தேங்கவில்லை. காற்றுத் தொகுதியைத் திறக்க வேண்டிய தேவை இல்லாவிட்டாலும் நான் திறந்தேன், உட்சுவரைப் பார்ப்பதற்காக. டார்ச் ஒளியில் அந்த இரண்டு மங்கலான தேய்வுகளும் அப்படியே இருந்தன. புதிதாக எதுவும் சேரவில்லை. சமன்செய்யும் பள்ளத்தில் கொஞ்சம் கிரீஸ் திரண்டிருந்தது, அதைத் துடைத்தேன். அந்த மூத்த நண்பர் அருகில் இருந்தார். அவரும் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு குழாய்க்குள் விட்டு, கண்ணை மூடி, ஒரு முறை முழுவதும் வருடிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.